சாண்ட்லரிலிருந்து குழந்தைகளோடு ஒரு நாள்: எங்கே, எந்த மாதம், எத்தனை மணிக்கு

கேள்வி: வேலை மாற்றலாகி அரிசோனாவின் சாண்ட்லருக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மகனுக்கு 7 வயது, மகளுக்கு 3. ஏப்ரல் கடைசியில் அப்பா அம்மா திருச்சியிலிருந்து ஆறு மாதம் தங்குகிற மாதிரி வருகிறார்கள். சனி, ஞாயிறுகளில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்புகிற மாதிரி எங்கெல்லாம் போகலாம்? பாலைவனம் என்றாலே மனைவிக்குக் கொஞ்சம் பயம்.

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன், டிக்கெட் போட்டாயிற்றா? இல்லையென்றால் அக்டோபருக்குத் தள்ளிப்போடுங்கள். பள்ளி விடுமுறையைக் கணக்குப் பார்த்து நம்மவர்கள் பலரும் பெற்றோரைக் கோடையில்தான் வரவழைக்கிறார்கள், அவர்களும் ஏ.சி. அறையில் ஆறு மாதம் ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். ஃபீனிக்ஸ் பக்கம் வெளியே சுற்றுவதற்கான காலம் அக்டோபர் பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரைதான். 2023-இல் ஜூன் 30 தொடங்கி 31 நாள் தொடர்ச்சியாக 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸை, வெயில் தொட்டது. "திருச்சி வெயிலையே பார்த்தாச்சு, இது என்ன" என்று அப்பா சொல்வார், நிச்சயம் சொல்வார். திருச்சியில் சட்டை நனைந்து ஒட்டும், உடம்பு சொல்லிவிடும். இங்கே வியர்வை சுரந்த உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதே தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் தெரியும். மூன்று வயதுக் குழந்தைக்கும் இதே கதைதான், ஆனால் அவளுக்குச் சொல்லவும் தெரியாது.

சரி, டிக்கெட் போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். மாற்ற வேண்டியது உங்கள் கேள்வியில் இருக்கிற "காலையில் கிளம்பி மாலையில்" என்ற கணக்கைத்தான். முதலில் மாதத்தையும் மணியையும் முடிவு செய்யுங்கள், இடம் அதற்கப்புறம் தானாக அமையும். மே முதல் செப்டம்பர் வரை வெளியில் இருப்பதெல்லாம் காலை எட்டரைக்குள் முடிந்துவிட வேண்டும். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்குக் கடிகாரத்தைத் தள்ளிவைக்கிற பழக்கம் கிடையாது, ஆகவே ஜூனில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். ஐந்தரைக்குப் பூங்காவில் இருந்தால் மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. நம் பழக்கப்படி "சாயங்காலம் காற்றாடப் போகலாம்" என்பது இங்கே செல்லாது. பகல் முழுக்கச் சூடேறிய தாரும் கான்கிரீட்டும் இருட்டின பிறகும் அனலை விட்டுக்கொண்டே இருக்கும். ஜூலையில் இரவு ஏழு மணிக்கும் நூறு டிகிரிக்கு மேல் இருப்பது சாதாரணம்.

அப்படிக் காலையில் போக என் முதல் சிபாரிசு பக்கத்து ஊர் கில்பர்ட்டில் இருக்கிற ரிப்பேரியன் பிரிசர்வ். நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குளங்களில் நிறுத்தி, நிலத்துக்குள் இறங்கவிடுகிற 110 ஏக்கர். கட்டணம் இல்லை. நாரை, கொக்கு, நீர்க்காகம், முயல் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில், பாதையும் சமதளம் என்பதால் தாத்தா பாட்டிக்கு முழங்கால் பிரச்சினை வராது. மணலைத் தோண்டி டைனோசர் எலும்பு தேடுகிற விளையாட்டு இடமும் உண்டு. ஒட்டினாற்போலப் பொது நூலகம் இருப்பதால், அது திறந்திருக்கிற நேரமாக இருந்தால் கழிவறைக்கும் குளிர்ச்சிக்கும் அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம். வெள்ளி, சனி இரவுகளில் வானம் தெளிவாக இருந்தால் அங்குள்ள ஆய்வகத்தில் தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்க்க விடுவார்கள். கோடையில் இருட்டின பிறகு வெளியே போவதற்கு நான் சம்மதிக்கிற ஒரே காரணம் இதுதான்.

கோடை நடுப்பகலுக்கு அருங்காட்சியகம் தவிர வேறு வழியில்லை. மெசாவில் இருக்கிற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு செயற்கை மலை, அதில் டைனோசர்கள், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மலைமேலிருந்து திடீர் வெள்ளம் பாயும். உங்கள் பையன் நகரமாட்டான். வடக்கு ஃபீனிக்ஸில் இசைக்கருவி அருங்காட்சியகம் 2010-இல் திறந்தது, உலகம் முழுவதிலிருந்தும் கருவிகள், இந்தியக் கருவிகளும் உண்டு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எதன் முன்னால் நிற்கிறோமோ அந்த இசையைக் கேட்கலாம். அம்மாவுக்குப் பாட்டில் ஈடுபாடு இருந்தால் அரை நாள் போவதே தெரியாது. ஆறு பேருக்கு டிக்கெட் என்றால் கை கடிக்கும். அதனால் முதலில் நூலகத்தில் கல்ச்சர் பாஸ் பற்றி விசாரியுங்கள். சில இடங்களுக்கு இலவச அனுமதி கிடைக்கும், எல்லா இடத்துக்கும் எல்லா நாளும் கிடைக்காது.

முழுநாள் பயணம்தான் வேண்டும் என்றால் கோடையில் மேலே ஏற வேண்டும். பேசன் ஊர் ஏறத்தாழ 5,000 அடி உயரம், ஃப்ளாக்ஸ்டாஃப் 7,000 அடி. ஃப்ளாக்ஸ்டாஃபில் உங்கள் வீட்டு வாசலைவிட 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் குளிர்ச்சியாக இருக்கும். பேசனைத் தாண்டி டோண்டோ இயற்கைப் பாலம் இருக்கிறது, சுண்ணாம்புப் படிவால் உருவான 183 அடி உயரப் பாலம். கீழே இறங்குகிற பாதைகள் செங்குத்து, வழுக்கும், பெரியவர்கள் மேலேயே நின்று பார்த்தால் போதும். ஞாயிறு மாலை திரும்புகிறவர்கள் கூட்டம் நெடுஞ்சாலையை அடைத்துவிடும், மதியம் இரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள், அல்லது சனிக்கிழமை போய் வந்துவிடுங்கள்.

இப்போது நல்ல மாதங்கள். அவர்கள் அக்டோபர் கடைசி வரை இருந்தால் ஒரு ரசமான பயணம் பாக்கி இருக்கிறது: கூலிட்ஜ் ஊரில் உள்ள காசா கிராண்டே. சாண்ட்லரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், நுழைவு இலவசம். ஹோஹோகாம் என்று நாம் அழைக்கிற பழங்குடி மக்கள் 1350 வாக்கில் கட்டிய நான்கு மாடி மண் கட்டடம், 1892-லேயே அமெரிக்க அரசு பாதுகாப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. மேலே 1932-இல் போட்ட பெரிய இரும்புக் கூரை இருக்கிறது, அதன் உத்தரத்தில் பெரிய ஆந்தைகள் உட்கார்ந்திருந்தாலும் இருக்கும், பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். போவதற்கு முன் உங்கள் வீட்டுப் பக்கம் ஓடுகிற வாய்க்காலை அவர்களுக்குக் காட்டிவிடுங்கள். இன்றைய ஃபீனிக்ஸ் வாய்க்கால்களில் பல, அந்த மக்கள் கையால் வெட்டிய பழைய வாய்க்கால்களின் தடத்தை ஒட்டித்தான் போகின்றன. காவிரிப் பாசனம் பார்த்து வளர்ந்த தாத்தா மீதியைச் சொல்லிக்கொள்வார்.

குளிர்காலத்தில் மலையடிவாரம் வேண்டுமென்றால் அப்பாச்சி ஜங்ஷனில் லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்கா. 1891-இல் இறந்துபோன ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மன்காரர் அந்த மலையில் தங்கச் சுரங்கம் ஒன்றை மறைத்து வைத்தார் என்று கதை, இன்னும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு வயதுக்கு இதைவிட நல்ல தூண்டில் கிடையாது. ட்ரெஷர் லூப் பாதை 2.4 மைல், ஏற்றம் உண்டு. மகனும் நீங்களும் அதில் போங்கள், மற்றவர்கள் தாவரங்களுக்குப் பெயர்ப் பலகை வைத்த குட்டிப் பாதையில் நடக்கட்டும். எல்லாரும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதுதான் குடும்பப் பயணங்களைக் கெடுக்கிறது. சுபீரியர் பக்கம் 1924-இல் தொடங்கிய பாய்ஸ் தாம்ப்சன் தாவரத் தோட்டம், நிழல் அதிகம், பாட்டிக்குப் பிடிக்கும்.

மனைவியின் பயம் நியாயமானதுதான், ஆனால் பாம்பைப் பற்றிய பயமாக இருந்தால் அது கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது. பாதையை விட்டு விலகாமல், கை போகும் இடத்தைப் பார்த்து நடந்தால் பாம்பு அதன் வழியில் போகும். குடும்பங்களை அதிகம் அழவைப்பது சோய்யா என்கிற கள்ளி. லேசாக உரசினாலே முள் உருண்டை ஒன்று பிய்ந்து ஒட்டிக்கொள்ளும், கையால் எடுத்தால் கையிலும் ஒட்டும். அகலப் பல் சீப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், உருண்டைக்கு அடியில் நுழைத்து வெளிப்பக்கமாக ஒரு சுண்டு, மீதி முள்ளுக்கு ட்வீசர். அம்மா புடவையும் ஹவாய் செருப்புமாகக் கிளம்புவார்கள், தோட்டத்துக்குப் பரவாயில்லை, மலைப்பாதைக்கு வேண்டாம். ஷூ, சாக்ஸ், சுடிதார். அப்புறம் சறுக்கு மரம். வெயிலில் நிற்கிற சறுக்கு, கார் சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கி எல்லாவற்றையும் குழந்தைக்கு முன்னால் உங்கள் புறங்கை தொட்டுப் பார்க்கட்டும்.

தண்ணீர், பெரியவர்களுக்கு நடக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு லிட்டர். கொண்டுபோனதில் பாதி தீர்ந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று யார் சொன்னாலும் சரி. வெறும் தண்ணீர் போதாது, உப்பும் போக வேண்டும். கூலரில் ஐஸ் போட்டு மோர், எலுமிச்சை சாதம், உப்பு பிஸ்கட். தயிர் சாதம் ஐஸில் இருக்கிறவரை நல்லது, காரில் இரண்டு மணி நேரம் கிடந்ததைக் குழந்தைக்கு ஊட்டாதீர்கள்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் கணக்கு. வறண்டு கிடக்கிற வாஷ் நம் ஊர்க் காட்டாறு போலத்தான், மழை வேறெங்கோ பெய்திருக்கும், தண்ணீர் இங்கே வரும். தடுப்பைத் தாண்டி வெள்ளத்துக்குள் காரை ஓட்டி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டுநரிடமே வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. புழுதிப் புயல் வந்தால் சாலையை விட்டு முழுசாக ஒதுங்குங்கள், விளக்கை எல்லாம் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, பெல்ட்டோடு உட்கார்ந்திருங்கள். பிரேக் விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் நீங்கள் சாலையில் போய்க்கொண்டிருப்பதாக நினைத்து வந்து மோதுவார்.

கடைசியாக வண்டி. ஆறு பேர், அதில் மகளுக்குக் கார் சீட், மகன் 4 அடி 9 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் எட்டு வயது ஆகும்வரை அவனுக்கும் சட்டப்படி பூஸ்டர் வேண்டும். ஐந்து இருக்கைக் காரில் இது நடக்காது, பாட்டி மடியில் உட்காரவைப்பதும் கூடாது. பெற்றோர் இருக்கிற மாதங்களில் பயணம் போகிற வார இறுதிக்கு மட்டும் மினிவேன் வாடகைக்கு எடுங்கள், மார்ச் மாதப் பள்ளி விடுமுறை மாதிரி நெருக்கமான நாட்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.