வயிற்றை எக்கச் சொன்னால் மூச்சு நின்றுவிடும்!
பிலாட்டீஸ் சொல்லித்தருகிறவர்களுக்கான கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு நாள் மேட் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். மாடியில் வகுப்பு தொடங்க போர்டு எழுதவும் கொடுத்தாயிற்று. இது போதுமா? அடுத்து என்ன படிக்க வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

போர்டு மாட்டுவதை யாரும் தடுக்க முடியாது. ஜோசப் பிலாட்டீஸ் (1883–1967) என்ற ஜெர்மானியர் தன் உடற்பயிற்சி முறைக்கு வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. ஊர் அதை அவர் பெயராலேயே அழைத்தது. அந்தப் பெயர் ஒருவருக்கு மட்டும் சொந்தமான வணிகக்குறி அல்ல, பொதுப்பெயர்தான் என்று 2000-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து இரண்டு நாள் படித்தவரும் இரண்டு வருடம் படித்தவரும் ஒரே போர்டைத்தான் மாட்டுகிறார்கள்.

அளவு தெரிந்துகொள்ள ஒரு கணக்கு. அமெரிக்காவில் தேசிய அளவிலான சான்றளிப்புத் தேர்வு எழுத 450 மணி நேர முழுப் பயிற்சி கேட்கிறார்கள். மேட், ரிஃபார்மர் (ஸ்பிரிங் இழுவையில் பலகை முன்னும் பின்னும் ஓடும் கருவி), மற்றக் கருவிகள் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் இரண்டு நாள் அதிகம் போனால் 16 மணி நேரம். வெட்கப்பட ஒன்றுமில்லை, முதல் படி அது. அடுத்த படிப்புக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். நான் சொல்லித்தருவதை ஆசிரியர் நேரில் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் பார்ப்பார்? வலியோடு வருகிறவருக்கு எதை விட்டுவிட வேண்டும் என்று தனிப் பாடம் உண்டா? செய்முறைத் தேர்வில் தோற்றவர்கள் யாராவது இருக்கிறார்களா? மூன்றாவதற்குச் சிரித்துவிட்டு "எல்லாரும் பாஸ்தான்" என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

1945-இல் ஜோசப் பிலாட்டீஸ் எழுதிய நூலில் மேட் பயிற்சிகள் 34. இப்போதைக்கு அதில் பத்தை உருப்படியாகச் சொல்லித்தரப் பழகினால் போதும். போனைப் பாய் உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் வைத்து உங்கள் வகுப்பை இருபது நிமிடம் பதிவு செய்யுங்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்: எந்த உடம்பின் பிழையைக் கவனிக்காமல் தாண்டிப் போனீர்கள் என்பது தெரியும். பிறகு படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் ஓடவிட்டு, நீங்களே பாயில் படுத்து அந்தச் சொற்படி செய்யுங்கள். எங்கே குழம்பி நிற்கிறீர்களோ அங்கேதான் உங்கள் மாணவியும் குழம்பியிருப்பார்.

கேள்வி: மாலை வகுப்பில் பன்னிரண்டு பேர். ஒன்பது பேர் பீடி சுற்றுகிறவர்கள். மல்லாந்து படுத்துக் கையை ஆட்டி நூறு எண்ணும் 'ஹண்ட்ரட்' செய்யத் தலையைத் தூக்கச் சொன்னால் பத்து எண்ணுவதற்குள் பிடரி வலிக்கிறது, வயிற்றில் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள். என் பேரில் தவறா?
– வாசகி, முக்கூடல்

வரிசையில்தான் தவறு. மடியில் சொளகை வைத்து, கழுத்தை முன்னால் தொங்கப்போட்டு, நாள் முழுக்க இலை சுருட்டிய உடம்பு அது. மேல்முதுகு வளைந்தபடியே இறுகிக் கிடக்கும். தலையின் பாரத்தைத் தாங்கித் தாங்கிப் பிடரித் தசை வகுப்புக்கு வரும்போதே சோர்ந்திருக்கும். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து மறுபடியும் தலையை முன்னால் தூக்கச் சொன்னால், சொளகு இல்லாத பீடி சுற்றல்தான்.

முதலில் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பாருங்கள். மல்லாந்து படுத்தவரின் முகவாய் நெற்றியைவிட உயரத்தில் நிற்கிறதா? துண்டை மடித்துத் தலைக்கடியில் வையுங்கள், நெற்றியும் முகவாயும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை. பலருக்கு இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் வேண்டியிருக்கும். அவரவர் துண்டு அளவை நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த வகுப்பில் நேரம் மிச்சம்.

முதல் நான்கு வாரம் தலையே தூக்க வேண்டாம். இன்னொரு துண்டை விலாவைச் சுற்றிக்கட்டி இரு முனையையும் குறுக்காகப் பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது துண்டு பக்கவாட்டில் இறுக வேண்டும், நெஞ்சு மேலே எழும்பக் கூடாது. ஐந்து நிமிடம் இது. பிறகு ஹண்ட்ரட்: பாதம் தரையில், முழங்கால் மடக்கி, தலை துண்டின்மேல், கைகள் மட்டும் மேலும் கீழும். ஐந்து எண்ணிக்கைக்கு இழுத்து, ஐந்துக்கு விடுவது ஒரு சுற்று. பத்துச் சுற்று சேர்ந்தால்தான் நூறு. முதல் வாரம் ஐந்து சுற்றோடு நிறுத்துங்கள். புகையிலைத் தூசியோடு வேலை செய்கிறவர்கள் என்பதால் இருமல், இழுப்பு உண்டா என்று கேட்டு வையுங்கள். இருந்தால் மூன்றுக்கு மூன்று போதும், எண்ணிக்கையை முடித்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம்.

அவர்களுக்கு உண்மையில் வேண்டியது மேல்முதுகு திறப்பது. பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களைச் செங்கோணமாக மடக்கி, இரண்டு கையையும் முன்னால் சேர்த்து நீட்டி, மேல்கையை மட்டும் புத்தகம் விரிப்பதுபோல் பின்னால் திறப்பது, பக்கத்துக்கு ஆறு முறை. மேல் முழங்கால் பின்னால் நழுவினால் திருகல் மேல்முதுகில் விழாமல் குறுக்கில், அதாவது கீழ்முதுகில், விழுகிறது என்று அர்த்தம். முழங்கால்களுக்கு நடுவே சின்னத் தலையணை வைத்து, அது விழாமல் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து குப்புறப் படுத்து நெஞ்செலும்பை இரண்டே அங்குலம் தூக்கி மூன்று நொடி நிறுத்துவது, ஆறு முறை. இங்கே எல்லாரும் முகத்தைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பார்கள், பிடரி மறுபடியும் மடங்கும். "மூக்கு பாயைப் பார்க்கட்டும்" என்று ஒரு சொல் போதும்.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் தொடையின் முன்மடிப்பும் குறுகியிருக்கும். மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பை மேலே தூக்கும் ஷோல்டர் பிரிட்ஜ் எட்டு முறை செய்யுங்கள். பின்தொடை சுண்டியிழுத்தால் குதிகால் தூரத்தில் இருக்கிறது, பிட்டத்தை நோக்கி ஒரு சாண் கிட்டே இழுத்துவைத்தால் சரியாகும். விரலும் மணிக்கட்டும் ஏற்கெனவே உழைத்தவை, பிளாங்க் (குப்புற ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடிப்பது) போன்றவற்றை முழங்கையில் ஊன்றியே கொடுங்கள்.

தலை தூக்கும் நாள் எப்போது? இரு கையாலும் பின்தலையைத் தாங்கி, மூச்சை விட்டபடி தூக்கச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை பாயில் பட்டபடி மூன்று மூச்சு நிற்க வேண்டும். தொண்டையின் இரு பக்கமும் நரம்புபோல் தசை புடைத்தாலோ, நடுவயிறு கூரைபோல் மேலே கூம்பினாலோ இன்னும் பொறுக்க வேண்டும்.

கேள்வி: ஆண் பயிற்றுநர் நான். ஆங்கிலத்தில் படித்த சொற்களை இங்கே சொன்னால் விழிக்கிறார்கள். பெண்களைத் தொட்டுத் திருத்தவும் தயக்கம். என்ன செய்யலாம்?
– வாசகர், தென்காசி

மொழிபெயர்க்காதீர்கள். அந்த அசைவு ஏற்கெனவே அவர்கள் கையில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

வயிறு என்றதும் நம் வாயில் வருவது 'எக்கு'. போட்டோவுக்கு நிற்கும்போது எக்குவதை நினைத்துப் பாருங்கள்: மூச்சை உள்ளே இழுத்து, நெஞ்சைத் தூக்கி, அப்படியே பிடித்துக்கொள்வது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. மூச்சு வெளியே போகும்போது அடிவயிறு தானாகச் சுருங்க வேண்டும். "எக்குங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அறையைப் பாருங்கள், பாதிப் பேர் மூச்சைப் பிடித்திருப்பார்கள். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இது ஆகவே ஆகாது.

நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் "ஊதாங்குழல்ல அடுப்பு ஊதுற மாதிரி, நீளமா" என்று சொல்லிப் பாருங்கள். கேஸ் அடுப்பு மட்டுமே பார்த்தவர்களுக்குச் சூடான பாலை ஊதி ஆற்றுவது. உதட்டைக் குவித்து எதிர்ப்போடு ஊதும்போது இடுப்பைச் சுற்றியுள்ள ஆழ்தசை தானாக இறுகும். அவர்கள் கையையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, இரண்டு விரல். ஊதும்போது விரலுக்கடியில் லேசாகக் கெட்டிப்பட வேண்டும். விரல் வெளியே தள்ளப்பட்டால் அவர் முக்குகிறார், ஊதவில்லை. பாதி பலத்தில் ஊதச் சொல்லுங்கள்.

நடுநிலை முதுகெலும்புக்கு (முதுகின் இயல்பான வளைவு மாறாமல் வைப்பது): மல்லாந்து படுத்தவரின் அடிவயிற்றில் தண்ணீர் நிறைந்த சொம்பு நிற்பதாக நினைக்கச் சொல்லுங்கள். தொப்புள் பக்கமும் சாயக் கூடாது, தொடை பக்கமும் சாயக் கூடாது. இடுப்பெலும்பின் இரு முனையும் அந்தரங்க எலும்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நீங்கள் பக்கத்திலிருந்து கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

தொடும் விஷயம். சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி, வகுப்பில் ஒவ்வொரு தடவையும் "தொடலாமா?" என்று ஒரு கேள்வி. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதற்கு ஈடாகாது. தொடாமலே ஆகும் வழி நிறைய இருக்கிறது. ஒரு மீட்டர்க் கம்பை முதுகோடு நீளவாக்கில் அவரே பிடித்துக்கொள்ளட்டும். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பில் பட்டபடி இடுப்பிலிருந்து குனியச் சொன்னால், எது கம்பை விட்டு விலகுகிறது என்று அவருக்கே தெரியும்.

இன்னொன்று: ஒரு தடவைக்கு ஒரே திருத்தம். கழுத்து, குறுக்கு முதலில். மூச்சு அடுத்தது. கால்விரல் நீட்டலெல்லாம் எத்தனையோ மாதம் கழித்து.

கேள்வி: 'ஜவ்வு விலகியிருக்கு, பிலாட்டீஸ் பண்ணச் சொன்னாங்க' என்று ஒருவர் வந்திருக்கிறார். சேர்க்கலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். டாக்டரா, பக்கத்து வீட்டுக்காரரா? டாக்டர் என்றால் சீட்டில் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள்.

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் தரையில் இழுபடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பாய் விரிக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. படுத்தாலும் குறையாத இரவு வலி, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தாலும் டாக்டர் பார்த்த பிறகுதான் வகுப்பு.

இவை இல்லை, டாக்டரும் சரி என்றால் சேர்க்கலாம். பெரும்பாலான ஜவ்வுத் தொல்லை முன்னால் குனியும்போது கூடும். முதுகை வளைத்துச் சுருளும் ரோல் அப், ரோலிங் லைக் எ பால், ஸ்பைன் ஸ்ட்ரெச் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வலி காலில் எதுவரை இறங்குகிறது என்று வகுப்பு தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் கேட்டு எழுதுங்கள். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு ஏறினால் நல்ல திசை, தொடையிலிருந்து கணுக்காலுக்கு இறங்கினால் அன்று செய்ததில் ஏதோ ஒவ்வவில்லை. எலும்பு மெலிந்துவிட்டது (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று வருகிற பாட்டிமாருக்கும் அந்த மூன்று பயிற்சி கூடாது. குனிந்து சுருளும்போது முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கும்.

'சரியாக்கித் தருகிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பிசியோதெரபிஸ்ட் வேலை. அதற்குத் தனிப் படிப்பும், 2021-இல் வந்த தனிச் சட்டமும் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாயிலேயே பிலாட்டீஸ் செய்தால் என்ன?
– வாசகர், பத்தமடை

படுக்க அதற்கு ஈடு இல்லை, உருள அது ஆகாது. பிலாட்டீஸ் மேட் 10 முதல் 15 மில்லிமீட்டர் தடிமன். முதுகை வளைத்து உருளும்போது முள்ளெலும்புக் கணுக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இடிக்கும், கோரைப் பாய் அதைத் தாங்காது. கீழே ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டுப் படுத்துச் செய்யும் பயிற்சிகளை நடத்தலாம். நின்று செய்பவற்றுக்கும் கை ஊன்றுபவற்றுக்கும் வழுக்கும், வெறுந்தரையே மேல்.

கேள்வி: பழைய ரிஃபார்மர் ஒன்று மலிவாக வாங்கினேன். கேரேஜ் (ஆள் படுக்கும் பலகை) ஓடும்போது 'டக் டக்' என்கிறது, ஸ்பிரிங்கில் லேசாகத் துரு. எண்ணெய் விட்டால் போதுமா?
– வாசகி, திருச்செந்தூர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. 'டக் டக்' பெரும்பாலும் சக்கரத்தில் ஒட்டிய முடியும் தூசியும்தான். தண்டவாளத்தையும் சக்கரத்தையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். எண்ணெய் விட்டால் தூசி இன்னும் திரளும்.

துரு வேறு கதை. கடற்காற்றில் உப்பு இருக்கிறது, ஸ்பிரிங் சுருளுக்கிடையில் அது தங்கும். துருப்பிடித்த இடத்தில்தான் ஒரு நாள் அறுந்து பாயும். வாரம் ஒரு முறை ஒவ்வொன்றையும் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். இழுக்காதபோதே சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலோ, ஓரிடத்தில் நெளிந்திருந்தாலோ, கொக்கி உராய்ந்து மெலிந்திருந்தாலோ, துரு கையில் ஒட்டினாலோ அன்றே தூக்கிப்போடுங்கள். நல்லபடி தெரிந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம், கடலோரத்தில் அதற்கும் முன்னாலேயே. பழையது வாங்கும்போது ஸ்பிரிங்கின் வயது விற்றவருக்கே தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டுத்தான் முதல் ஆளை ஏற்றுங்கள். மலிவு விலையில் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்!

புதியது வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். எந்த நிறம் எவ்வளவு கனம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் கருவிக்குரிய பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். ஸ்பிரிங் குறைந்தால் சுலபம் என்று நினைப்பதும் தவறு. படுத்துக் கால் உதைக்கும் ஃபுட்வொர்க்கில் குறைந்தால் லேசுதான். ஆனால் பிளாங்க்கில் ஸ்பிரிங் குறைந்தால் கேரேஜ் தானாக ஓடும், பிடித்து நிறுத்தவே வயிறு திணறும். புதிதாக வருகிறவருக்கு அங்கே கூடுதல் ஸ்பிரிங்தான் சுலபம்.

ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு ஸ்பிரிங்காவது மாட்டியிருக்க வேண்டும், உங்கள் கை கேரேஜைப் பிடித்திருக்க வேண்டும். கால் பட்டையில் இருக்கும்போது ஸ்பிரிங் மாற்றாதீர்கள். "காலை எடுங்க" என்று சொல்லி, எடுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கொக்கியில் கை வையுங்கள்.