பதில்: மாவுச்சத்தைக் குறைத்தும் எடை நின்றுவிட்டது

நண்பரே, சக ஊழியர் கொடுத்த, மாவுச்சத்து குறைந்த உணவுப் பட்டியலை அப்படியே பின்பற்றியும், முதல் இரண்டு வாரம் மளமளவென்று இறங்கிய எடை நின்றுவிட்டது, எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பும் ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்காக உங்கள் மன உறுதியைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

முதலில் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறிவிடும். அப்புறம் கொழுப்பு கரைவது நிதானமாகத்தான் நடக்கும்.

2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குறை மாவுச்சத்து, இன்னொன்றுக்குக் குறை கொழுப்பு என்று ஒரு வருடம் கவனித்தார்கள். சராசரி எடைக் குறைவு முறையே 6 கிலோ, 5.3 கிலோ, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு குழுவிலுமே நிறைய இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். யாருக்கு எது பொருந்தும் என்று அவர்கள் பார்த்த மரபணு வகைகளாலும் சொல்ல முடியவில்லை. அதனால் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்த எல்டிஎல்தான். வெண்ணெய், சீஸ், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றைக் குறைத்து, கொட்டைகள், மீன், பருப்பு வகைகளைச் சேருங்கள். அதற்காக மாவுச்சத்து கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்களா? அப்படியென்றால் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.