அக்காவைக் கேளுங்க: பிஞ்சுக் கைக்குத் தெரபி

கேள்வி: நான் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கற சிகிச்சை) படிச்சிட்டு மூணு வருஷமா கை தெரபில இருக்கேன்க்கா. மெஷின்ல விரல் மாட்டினவங்க, டெண்டன் (தசைநாண்) வெட்டுப்பட்டவங்கன்னு எல்லாருமே பெரியவங்க. போன வாரம் பிறவியிலேயே கட்டை விரல் இல்லாத ரெண்டு வயசுப் பாப்பா வந்துச்சு, என்னைப் பாத்ததும் ஒரே அலறல், எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இதை எங்க போய் கத்துக்கிறது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: ஊசி போட வந்தவன்னு நினைச்சிருக்கும்மா. அமெரிக்கால கை தெரபி சர்டிபிகேட்டுக்கு 3 வருஷ அனுபவம், கைக்குன்னே 4,000 மணி நேரம், அப்புறம் பரீட்சை. அதையெல்லாம் முடிச்சிட்டுப் போனாலும் பாப்பா அலறத்தான் செய்யும். நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரில கைக்குன்னே தனி டிபார்ட்மெண்ட் இருக்கே, குழந்தைங்க வர்ற நாள் பாத்து ஓரமா நிக்க பர்மிஷன் கேளு.

முதல் நாள் கையைத் தொடாத, தரையில உக்காரு. பாப்பாவுக்கு அந்தக் கைதான் கை, அதை வச்சே இட்லி பிச்சுத் தின்னு வளர்ந்திருக்கு. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காம குடுத்துட்டு, ரெண்டு விரலுக்கு நடுவுல இடுக்குதா, பல்லால கிழிக்குதான்னு எழுதி வை. நாளைக்கு டாக்டர் ஆள்காட்டி விரலையே கட்டை விரலா மாத்தி வச்சாலும் பாப்பா பழைய பழக்கத்துல அடுத்த ரெண்டு விரல்லதான் இடுக்கும், அதனால முதல்ல டம்ளர், பந்துன்னு பெருசா குடு, புது விரல் தானா வேலைக்கு வரும், மணி கோர்க்கறதெல்லாம் அப்புறம்.

ஸ்பிளிண்ட்ல, அதான் கையைச் சரியான நிலையில பிடிச்சு வைக்கிற பட்டையில, நானும் அசடு வழிஞ்சிருக்கேன். பிளாஸ்டிக் ஷீட்டை வெந்நீர்ல போட்டு அழகா வளைச்சு மாட்டி அனுப்பினேன், பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள குண்டு மணிக்கட்டுலேர்ந்து கழண்டு, அவங்கம்மா டிபன் பையில போட்டு திரும்பக் கொண்டாந்தாங்க. அதுலேர்ந்து முழங்கைக்கு மேல வரைக்கும், அதுவும் தூங்கும்போதுதான் அளவு எடுக்கறது.

அப்புறம் பாப்பாவோட பாட்டி. "கிரகணத்துல வெளிய போனா"ன்னு மருமகளைக் குத்துவாங்க. கரு உண்டாகி 4-லிருந்து 8 வாரத்துக்குள்ள கை உருவாகிடும், அதுக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு அவங்க காதுல விழற மாதிரி சொல்லு, பாப்பாவோட அம்மாதான் வீட்ல தெரபி பண்ணப் போறவங்க.

ஆமா, கட்டை விரல் இல்லன்னியே, ஹார்ட், கிட்னி ஸ்கேன், ரத்த டெஸ்ட் ஆச்சா? இதோட சேர்ந்து அதுலயும் கோளாறு இருக்கலாம். ஃபைல்ல இல்லன்னா நாளைக்கே டாக்டர்ட்ட சொல்லிடு.