ஹாஸ்டலுக்குப் போகும் மகள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாதவிலக்கு ஒரு மாதம் 28 நாளில் வருகிறது, இன்னொரு மாதம் 40 நாள் ஆகிறது. முதல் நாள் வலியில் பள்ளிக்கு லீவு போட்டுவிடுகிறாள். டாக்டரிடம் போனால் வாயே திறப்பதில்லை, எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்கிறேன். 'பிசிஓடி-யா (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கும், ஸ்கேன் எடு' என்கிறார் பக்கத்து வீட்டம்மா. ஜூனில் பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறோம். தனியாக எப்படிச் சமாளிப்பாள்? வீட்டில் 12 வயது மகன் வேறு இருப்பதால் இதையெல்லாம் பேசவே கூச்சமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த ஸ்கேன் விஷயம். வயதுக்கு வந்த புதிதில் கருமுட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளிவராது. அதனால் 21 முதல் 45 நாள் வரை முன்பின்னாக வருவது இயல்புதான். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் (பிசிஓடி என்று சொல்வதும் இதைத்தான்) என்று முடிவு செய்யக் கூடாது என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாய் திறக்காததற்கு வருவோம். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, 'கடைசியா என்னைக்கு வந்தது?' அந்தத் தேதி அநேகமாக உங்கள் காலண்டரில், நீங்கள் போட்ட வட்டமாக இருக்கும். அப்புறம் அவள் எதைச் சொல்வாள்? கணக்கை அவள் கைக்கு மாற்றுங்கள். ஒரு சின்ன நோட்டு போதும். 'ஜூன் 3, ஐந்து நாள், முதல் நாள் ஐந்து நாப்கின், வலி அதிகம்.' அடுத்தது 'ஜூலை 11' என்றால் இடைவெளி 38 நாள். ஆரம்பித்த நாளிலிருந்து அடுத்து ஆரம்பிக்கும் நாள் வரை எண்ண வேண்டும். பலர் தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து எண்ணிக் குழம்புகிறார்கள்.

ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, மூன்று மாதம் வராமலே இருந்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் இதை அவள் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளைப்படுவது இயல்பு. அரிப்போ, கெட்ட வாடையோ, நிறமாற்றமோ இருந்தால்தான் காட்ட வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட்டே பெண்பிள்ளைகள் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள்.

பள்ளிக்கு லீவு போடும் அளவு வலியை மட்டும் 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று தள்ளாதீர்கள். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதிகமாகச் சுரப்பதால்தான் பெரும்பாலும் அந்த வலி வருகிறது. மெஃபெனமிக் ஆசிட் போன்ற மாத்திரை அந்தச் சுரப்பைத்தான் குறைக்கிறது. அதனால் துடித்த பிறகு போடுவதைவிட, வலி தொடங்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் போட்டால் நன்றாகக் கேட்கும். ஆஸ்துமா, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எத்தனை, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அதை அவளே கேட்கட்டும்.

எப்படி என்கிறீர்களா? கிளம்பும் முன் கேட்க வேண்டியதை அவள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளட்டும். உள்ளே போனதும் டாக்டரிடம், 'இன்னைக்கு இவளே பேசுவா மேடம்' என்று சொல்லிவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். அவள் தடுமாறும் அரை நிமிடத்தைப் பொறுத்துக்கொள்வது உங்களுக்குத்தான் கஷ்டம். பிறகு ஐந்து நிமிடம் வெளியே வந்து உட்காருங்கள். அம்மா முன்னால் கேட்க முடியாத கேள்வி எந்தப் பெண்ணுக்கும் ஒன்றிரண்டு இருக்கும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்காகவே 2014-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், பல அரசு மருத்துவமனைகளில் தனி ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. அங்கேயும் போகலாம்.

ஹாஸ்டலில் சேர்க்கும் அன்று மூன்றைப் பாருங்கள்: கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, இரவில் உடம்புக்கு முடியாவிட்டால் யாரை எழுப்புவது. மூன்றையும் வார்டனிடம் அவள்தான் கேட்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

தம்பியா? பன்னிரண்டு வயதில் அவனுக்கும் இது தெரியத்தான் வேண்டும். அடுத்த தடவை நாப்கின் வாங்க அவனையே கடைக்கு அனுப்புங்கள். எந்த சைஸ் என்று அக்கா சொல்லி அனுப்பட்டும். கடைக்காரர் பேப்பரில் சுற்றித் தந்தால், 'வேண்டாம் அண்ணே' என்று சொல்லிவிட்டு அப்படியே எடுத்து வரட்டும்.