ப்ளோயரில் தண்ணீர் சேர்ந்தால் டெமிஸ்டரை மாற்ற வேண்டுமா?

ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஆலைக் கழிவுநீரில் கிடைக்கும் பயோகேஸை, ஹைட்ரஜன் சல்பைடு போவதற்காக, காஸ்டிக் சோடா கரைசல் ஓடும் ஸ்க்ரப்பர் டவரில் கழுவி, 40 மீட்டர் பைப் வழியாக ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறோம். கேஸை உறிஞ்சித் தள்ளும் ப்ளோயர் ஜெனரேட்டர் பக்கத்தில் இருக்கிறது. மணிக்கு 200 கன மீட்டர் ஓடும். டவர் ஒரு அடி விட்டம். ஐப்பசியில் இருந்து ப்ளோயரில் தண்ணீர் சேருகிறது. இரவு ஷிப்டில் இன்ஜின் அடிக்கடி நின்றுவிடுகிறது. டவர் செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டோம். கேஸ் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது, டவரின் மேல்பகுதியை ஒன்றரை அடியாகப் பெரிதாக்கி, துளிகளைப் பிடிக்கும் கம்பிவலையான டெமிஸ்டரைப் புதிதாகப் போட வேண்டும், 1,80,000 ரூபாய் ஆகும் என்கிறார். செய்யலாமா?"

இப்போதைக்குச் செய்யாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது: ஐப்பசி, இரவு ஷிப்ட்.

டவரை விட்டு வெளியேறும் கேஸ் நன்றாக நனைந்த கேஸ். அதில் துளியாக ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆவியாகத் தண்ணீர் இருக்கும். 38 டிகிரியில் ஒரு கன மீட்டர் கேஸ் சுமார் 46 கிராம் தண்ணீரை ஆவியாக வைத்திருக்கும். 25 டிகிரியில் 23 கிராம்தான் தாங்கும். மீதி 23 கிராம் பைப்பின் உள்சுவரில் வேர்த்துவிடும். 200 கன மீட்டருக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு நாலரை லிட்டர், ஒரு ராத்திரிக்கு மூன்று நான்கு குடம். பகலில் பைப் 35 டிகிரியில் இருந்தால் மணிக்கு ஒரு லிட்டர் சொச்சம்தான். உலகத்திலேயே சிறந்த டெமிஸ்டரைப் போட்டாலும் இந்தத் தண்ணீர் வரும். டெமிஸ்டர் துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ப்ளோயரில் இருந்து வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டை ஒரு கண்ணாடித் துண்டில் விட்டுக் காய வையுங்கள். இன்னொரு கண்ணாடியில் ஸ்க்ரப்பர் தொட்டித் தண்ணீரில் இரண்டு சொட்டு. தொட்டித் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் பொடி படியும், அது சோடா உப்பு. ப்ளோயர் தண்ணீரும் அப்படியே படிந்தால் டவரில் இருந்து திரவமே தூக்கி வரப்படுகிறது என்று அர்த்தம். கண்ணாடி சுத்தமாக இருந்தாலோ லேசான துருக்கறை மட்டும் இருந்தாலோ, அது பைப்பில் வேர்த்த தண்ணீர். பிஎச் தாளும் தொட்டுப் பார்க்கலாம். தொட்டித் தண்ணீர் 8-க்கு மேல் காட்டும், வேர்த்த தண்ணீர் 7-க்குக் கீழே காட்டும். மொத்தச் செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. டவர்க்காரர் இதைச் செய்து பார்த்தாரா என்று கேளுங்கள். செய்திருக்க மாட்டார், செய்தால் 1,80,000 ரூபாய்க்கு வேலை இல்லையே.

இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அப்போது கண்ணாடியில் மங்கலாக ஒரு வளையம் தெரியும். முதலில் வேர்க்கும் தண்ணீருக்கு வழி செய்துவிட்டு, மறுபடி சோதியுங்கள்.

அந்த வழி இதுதான். 40 மீட்டர் பைப்பை ஒரே பக்கம் சரிவாக வைத்து, தாழ்ந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்து வடிய ஒரு ட்ரெயின் பாட். இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. ப்ளோயர் கடைசியில் இருப்பதால் உங்கள் பைப் முழுக்க உறிஞ்சலில் இருக்கிறது. அதில் சும்மா ஒரு வால்வு போட்டுத் திறந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மீத்தேனோடு காற்று சேர்ந்து மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் என்ற அளவுக்கு வந்தால் அது வெடிக்கும் கலவை. ஆகவே வால்வு வேண்டாம், நீர் முத்திரை வையுங்கள்; அதாவது தண்ணீர் நின்று காற்றை மறிக்கும் யூ பைப். ஒரு கண்ணாடி டியூப்பில் தண்ணீர் ஊற்றி உறிஞ்சல் எவ்வளவு என்று அளந்து, அதைப்போல இரண்டு மடங்கு உயரத்துக்கு யூ பைப். உறிஞ்சல் 20 சென்டிமீட்டர் என்றால் 40 சென்டிமீட்டர். அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

சரி, கண்ணாடியில் வெள்ளைப் பொடி படிந்தால்? அப்போதும் டெமிஸ்டர் கடைசிச் சந்தேகம்தான். ஒரு அடி டவரில் உங்கள் கேஸ் வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் போகிறது. கம்பிவலை டெமிஸ்டர் இந்த மாதிரி கேஸில் 2.4 மீட்டர் வரை தாராளமாகத் தாங்கும். அதாவது இப்போதே மூன்றில் ஒரு பங்கு வேகம். மேல்பகுதியை ஒன்றரை அடியாக்கினால் வேகம் 0.35-க்கு இறங்கிவிடும். துளி வேகமாக வந்து கம்பியில் மோதினால்தான் ஒட்டும்; மெதுவாக வந்தால் சின்னத் துளிகள் கம்பியைச் சுற்றி நழுவிப் போய்விடும். பெரிதாக்கச் சொல்பவர் காசு வாங்கிக்கொண்டு உங்கள் பிரச்சினையையும் பெரிதாக்குகிறார்.

முதலில் பேக்கிங்கைப் பாருங்கள், அதாவது கேஸும் கரைசலும் நன்றாகத் தொட டவருக்குள் நிரப்பியிருக்கும் துண்டுகளை. பயோகேஸில் நிறைய கார்பன்-டை-ஆக்சைடு இருப்பதால் காஸ்டிக்கைக் கெட்டியாகக் கலந்தால் பைகார்பனேட் உப்பாகி பேக்கிங்கில் உறைந்துவிடும். பேக்கிங்கின் மேலும் கீழும் ஒரு தெளிவான ஹோஸைச் செருகி, பாதி தண்ணீர் ஊற்றி உயர வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் பேக்கிங்குக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. பத்தைத் தொட்டால், அல்லது ஹோஸில் தண்ணீர் மேலும் கீழும் துள்ளினால், டவர் மூச்சு முட்டுகிறது. பேக்கிங்கைக் கழுவ வேண்டும். ஹோஸ் செருக இடமே இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். லட்சக்கணக்கில் டவர் செய்கிறார்கள், இரண்டு துளை போட்டு வைக்க மாட்டார்கள். ஆய்வுக்கு வருபவர்களும் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கொட்டேஷனில் எது குறைச்சலோ அதற்கு ஆர்டர் என்றால் இப்படித்தான் வரும்.

அப்புறம் நுரை. தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பாதி பிடித்துப் பத்து எண்ணும்வரை குலுக்குங்கள். அரை நிமிடம் ஆகியும் நுரை அடங்கவில்லை என்றால் கழிவுநீர் புளித்துக் கேஸ் உண்டாகும் டைஜெஸ்டரில் இருந்து ஏடு வருகிறது. அங்கே சரி செய்யுங்கள். நுரைக்கொல்லி விற்கிறவர் கேன் கேனாகக் கொடுப்பார், அளவு மீறினால் அதுவே தொல்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் டெமிஸ்டர். பழையதைக் கழற்றும்போது விளிம்பில் இடைவெளி இருந்ததா, தூக்கிக்கொண்டு இருந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் க்ளாம்ப்பை இறுக்கினாலே போதும். புதிதாக வாங்கினால் தராசில் வையுங்கள். ஒரு அடி விட்டம், 15 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஸ்டீல் வலை ஒன்றரை கிலோவுக்குக் குறையக்கூடாது. ஒரு இடத்தில் வெளியே ஒரு சுற்று நல்ல வலையும் உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நாருமாக அடைத்துக் கொடுத்ததை நான் பிரித்தே பார்த்திருக்கிறேன். முக்கால் கிலோ இருந்தது.

டவரைத் திறக்கும் வேலையை இரவு ஷிப்டில் ஒரே ஆளை விட்டுச் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், வாசனை போய்விட்டது என்று உள்ளே தலையை விடுவார்கள். கேஸை அடைத்து, காற்றோட்டிவிட்டு, கேஸ் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, வெளியே ஒருவர் நிற்க, அதற்கப்புறம் போல்ட்டைத் தொடுங்கள்.