செவன்ஸ் ஆடிக்கொண்டே இருந்தால் உடம்பு எப்போது தேறும்?

கேள்வி: சார், இப்போதுதான் பதினொன்றாம் வகுப்பு முடித்தேன், ஊர் சின்னத்துறை. பள்ளி கால்பந்து டீமில் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஆடுகிறேன். லீவு விட்டதிலிருந்து வாரத்துக்கு நாலைந்து செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) மேட்ச், நீரோடி தாண்டிப் பொழியூர், பூவாறு வரை போய் ஆடுகிறோம். விடியற்காலையில் மணலில் ஓட்டமும் உண்டு. ஆனால் வேகம் குறைந்த மாதிரி இருக்கிறது, தொடையின் பின்பக்கம் அடிக்கடி பிடிக்கிறது. ஜிம்மில் சேர்ந்து புரோட்டீன் பவுடர் எடுக்கலாமா?

பதில்: தம்பி, உனக்குக் குறைவது ஓய்வு. சீசன் முழுக்க ஆடிவிட்டு லீவிலும் வாரம் நாலைந்து மேட்ச் என்றால் தசை எப்போது ஆறும்? இரண்டு வாரம் பந்தைத் தொடாதே. சைக்கிள் ஓட்டு, நீந்து (கள்ளக்கடல், அதாவது திடீரென்று பெரிய அலை கரையேறும் என்ற எச்சரிக்கை இருக்கிற நாளில் மட்டும் கடலில் இறங்காதே). நடக்கும்போதே தொடை வலித்தால் முதலில் டாக்டரைப் பார்.

பிடிப்பு போன பிறகு ஆறு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள் உடம்பை வலுவாக்கு. இதற்கு ஜிம் தேவையில்லை, ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது, படியில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கி நிற்கும் பிளாங்க் போதும். உன் தொடைக்கு முக்கியமானது நார்டிக் என்கிற பயிற்சி. மடித்த சாக்கின் மேல் முட்டி போடு, கூட்டாளி ஒருவன் பின்னால் உட்கார்ந்து உன் இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடிக்கட்டும், இடுப்பை மடக்காமல் முட்டியிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்து மெதுவாக முன்னால் சாய், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியுமோ அவ்வளவு நேரம், அப்புறம் கையை ஊன்றி விழு. முதல் வாரம் ஐந்து தடவை, இரண்டு சுற்று. மறுநாள் தொடை கனமாக வலிக்கும், பயப்படாதே, ஆனால் மேட்சுக்கு முந்தின நாள் மட்டும் இதைச் செய்யாதே. தொடை பிடிப்பதைக் குறைப்பதில் இதற்கு இணையாக ஆராய்ந்து பார்க்கப்பட்ட பயிற்சி அதிகம் இல்லை.

மணல் ஓட்டம் நல்லதுதான், கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் உழைப்பு வாங்கும். ஆனால் கரை கடல் பக்கமாகச் சரிந்துதானே இருக்கிறது? ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். போன அதே தூரத்தைத் திரும்பியும் ஓடு. விங்கருக்கு வேண்டிய வேகம் மெதுவாக மணலில் ஓடினால் வராது. சமதரையில் 30 மீட்டர், முழு வேகம், ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுதாக அடங்கட்டும்.

பவுடர் வேண்டவே வேண்டாம். மரச்சீனியும் சாளைக் குழம்பும், முட்டை, சிறுபயறு, கடலை, ஏத்தம்பழம், இதெல்லாம் உன் வீட்டிலேயே கிடைக்கும். உன் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும், ராத்திரி மேட்ச் முடிந்து ஒரு மணிக்கு வீடு வந்தால் அது எங்கே கிடைக்கும்?

பக்கத்து ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) வரை போன மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே இருக்க நேர்ந்தது. அடி யாருக்கும் வரலாம். ஆனால் களைத்த காலோடு ஆடி நீயாக அதைத் தேடிப் போகாதே, ஜூன் மாதம் பள்ளி திறந்தால் குறுவட்டப் போட்டி வந்துவிடும்.

கேள்வி: மகனுக்கு 14 வயது, பள்ளியில் பந்து ஆடுகிறான். ஒரே வருஷத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டான். ஓடினால் முட்டிக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி. கோச் பளு தூக்கச் சொல்கிறார், தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார் இவன் அப்பா. (களியக்காவிளையிலிருந்து ஒரு தாய்)

பதில்: சகோதரி, சொல்லிக்கொடுக்க ஆள் கூட இருந்து, லேசான எடையில் சரியாகச் செய்தால் வளர்த்தி நிற்காது, அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். வலிதான் இப்போது முக்கியம். எலும்பு வேகமாக நீளும் வயதில் தொடைத் தசை நார் முட்டிக்குக் கீழே அதை இழுப்பதால் இப்படி வரும், ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அதுவரை குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் குறைக்கட்டும், ஆடி முடித்ததும் பத்து நிமிஷம் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், வலியை அடக்கிக்கொண்டு ஆடச் சொல்லாதீர்கள் என்று கோச்சிடமும் பேசுங்கள். ராத்திரி வலியில் தூக்கம் கலைந்தாலோ, முட்டி வீங்கினாலோ, நொண்டி நடந்தாலோ எலும்பு டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.