புரோட்டானின் ஆயுள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தில் கதிரியக்கம் பற்றிய குறிப்பில், 'புரோட்டானின் ஆயுள் குறைந்தது 1-க்குப் பின் 34 சைபர் போட்ட ஆண்டுகள்' என்று ஒரு வரி வருகிறது. பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி ஆண்டுதான், மொத்தம் 11 இலக்கம். யாருமே கூட இருந்து பார்க்காத ஆயுளை எப்படி அளந்தார்கள்?

இன்னொன்று. என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூர்வீகம் குடியாத்தம் பக்கம். இப்போது வயது 84. அவர் அடிக்கடி சொல்வார்: "கீழ பம்பாய்லேர்ந்து வந்தவங்க, கூட ஜப்பான்காரங்க, இரும்ப அடுக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. என்ன சார் பண்றீங்கன்னா, ஒண்ணு சாகுதான்னு பாக்கறோம்னு சொல்வாங்க." அது இதுதானா? அப்படியென்றால் அவர்கள் கண்டது என்ன? ஒன்றும் காணவில்லை என்றால் அத்தனை பணமும் வீண்தானே?

அன்புடன்,
வ.

அன்புள்ள வ.,

இதேதான். 'ஒண்ணு சாகுதான்னு பாக்கறோம்.' அந்த ஆராய்ச்சியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னது பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்களாக இருக்கும். ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டோக்கியோ பல்கலைக்கழகத்தாரும் அவர்களோடு கூட்டு.

முதலில் 34 சைபர். இங்கே 'ஆயுள்' என்ற சொல்தான் குழப்புகிறது. நமக்கு வயது ஏற ஏற உடம்பு தளர்கிறது. துகளுக்கு மூப்பே கிடையாது. அணுக்கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரானின் சராசரி ஆயுள் சுமார் 880 நொடி, கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரு மணி நேரம் தப்பிப் பிழைத்த நியூட்ரான் கிழடாகிவிடுவதில்லை. பிறந்த நொடியில் அது சிதைய என்ன வாய்ப்பு இருந்ததோ, அதே வாய்ப்புதான் அடுத்த நொடியிலும். இருபது வருடமாக லாட்டரிச் சீட்டு வாங்குகிறவருக்கும் இன்றைக்கு முதல் சீட்டு வாங்கியவருக்கும் குலுக்கலில் ஒரே வாய்ப்பு என்பது போல.

ஆக, ஒரு புரோட்டானைப் பிடித்து வைத்துக்கொண்டு அத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டாம். ஏராளமான புரோட்டான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு வருடம் பார்த்தால் போதும். ஒரு டன் இரும்பில் புரோட்டானும் நியூட்ரானுமாக (அணுக்கருவுக்குள் கட்டுண்டு கிடக்கும் நியூட்ரானுக்கும் இதே கணக்குதான்) 6-க்குப் பின் 29 சைபர் துகள்கள் இருக்கின்றன. உங்கள் தாத்தா பார்த்த இரும்படுக்கு 140 டன். அதில் 8-க்குப் பின் 31 சைபர். இவற்றின் ஆயுள் 1-க்குப் பின் 31 சைபர் ஆண்டு என்றால் வருடத்துக்கு எட்டு துகள் சாக வேண்டும். எட்டைக் கையாலேயே எண்ணிவிடலாம்.

மாரிஸ் கோல்ட்ஹேபர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதற்கு வேடிக்கையான ஒரு கணக்குச் சொன்னார். புரோட்டானின் ஆயுள் வெறும் 16 சைபர் ஆண்டு என்று வையுங்கள். நம் உடம்புக்குள் இருக்கும் புரோட்டான்களில் நொடிக்குப் பல்லாயிரம் சிதைந்து, அந்தக் கதிர்வீச்சே நம்மைக் கொன்றுவிடும். நாம் உயிரோடு இருப்பதே ஆயுள் அதைவிடப் பெரிது என்பதற்குச் சாட்சி. கருவி வேண்டாம், எலும்புக்கே தெரியும் என்பார்.

சரி, சாகும் என்று யார் சொன்னது? 1974-இல் ஹோவர்ட் ஜார்ஜையும் ஷெல்டன் கிளாஷோவும் மின்காந்த விசை, வலு விசை, மெலி விசை மூன்றையும் ஒரே விசையின் வெவ்வேறு முகங்களாகக் காட்டும் கோட்பாட்டை முன்வைத்தார்கள். அழகான கோட்பாடு. அதன்படி புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க், எலெக்ட்ரானின் குடும்பத்துத் துகளாக மாற முடியும். அப்படி மாறினால் புரோட்டான் உடைந்துவிடும். ஆயுள் 30 சைபருக்கு அக்கம்பக்கம் இருக்கும் என்று கணக்கு வந்தது. எண்ணிப் பார்க்கக் கூடிய தூரம்தான். அதனால்தான் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பலர் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். கோலாரில் 1980 கடைசியிலேயே கருவி ஓட ஆரம்பித்துவிட்டது. இதற்கென்றே கட்டப்பட்ட பெரிய கருவிகளில் அது முந்தியது.

ஏன் சுரங்கம்? உள்ளங்கையை விரியுங்கள். வானிலிருந்து வரும் மியூவான் துகள்கள் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் அதன் வழியே போய்க்கொண்டே இருக்கின்றன. இந்த மழைக்குள் நின்றுகொண்டு வருடத்துக்கு எட்டை எண்ண முடியாது. பாறைதான் குடை. 1960-களின் தொடக்கத்தில் கோலாரில் 2760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் பார்த்திருக்கிறார்கள், ஒரு மியூவான்கூட வரவில்லை. அப்படியொரு அமைதி அன்றைக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. தங்கம் தேடிப் போன தொழிலாளர்கள், பெரும்பாலும் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள், எண்பது வருடமாகத் தோண்டிக் கொடுத்த ஆழம் அது. இயற்பியல் கட்டுரைகளில் அந்த ஆழம் வெறும் மீட்டர் கணக்காகத்தான் வரும். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

புரோட்டான் கருவி இருந்தது 2300 மீட்டர் ஆழத்தில். சதுரக் குழாய்கள், ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் அகலம், உள்ளே வாயு, நடுவே கம்பி. மொத்தம் சுமார் 1600 குழாய். ஒரு வரிசை குழாய், மேலே இரும்புத் தகடு, மறுபடி குழாய் என்று 34 அடுக்கு. மின்னூட்டம் உள்ள துகள் குழாய்க்குள் புகுந்தால் கம்பியில் ஒரு துடிப்பு கிளம்பும். எந்தெந்தக் குழாய் துடித்தது என்று பார்த்துத் தடத்தை வரைய வேண்டும், கோலப்புள்ளிகளை இணைப்பது போல. ஒரு தடம் வெளியிலிருந்து நுழைந்தால் அது வெளியாள், தள்ளிவிடலாம். கருவியின் நடுவிலேயே திடீரென்று பிறந்து நடுவிலேயே முடிந்தால்? அங்கேதான் மூச்சு நிற்கும்.

அப்படிச் சில தடங்கள் வந்தன. 1980-களின் தொடக்கத்தில் கோலார் குழு அவற்றைப் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று அறிவித்தது, ஆயுள் 31 சைபர் அளவில் என்றது. பெரிய பரபரப்பு. ஆனால் பாறையும் தடுக்க முடியாத ஒரு விருந்தாளி உண்டு, நியூட்ரினோ என்ற மின்னூட்டமில்லாத நுண்துகள். அது சத்தமில்லாமல் உள்ளே வந்து ஓர் அணுக்கருவை மோதினால், பார்ப்பதற்குப் புரோட்டான் செத்தது போலவே இருக்கும். புரோட்டான் சிதைந்தால் துண்டுகள் எதிரெதிர்த் திசையில் தெறிக்க வேண்டும். நியூட்ரினோ மோதினால் பெரும்பாலும் அது வந்த போக்கிலேயே முன்பக்கம் தெறிக்கும். பத்து சென்டிமீட்டர்ப் புள்ளிகளை வைத்து, நாலைந்து அடுக்குக்குள் முடிந்துவிடும் குட்டித் தடத்தில் இந்த வித்தியாசத்தைப் பிடிப்பது சாமானியம் இல்லை.

அப்புறம் ஓஹையோ மாநிலத்தில் ஓர் உப்புச் சுரங்கத்தில் 8000 டன் தண்ணீரை நிரப்பிச் சுற்றிலும் ஒளியுணர்கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். கோலார் சொன்ன ஆயுள் சரியென்றால் அங்கே வரிசை கட்டி விழுந்திருக்க வேண்டும். 1983-இல் அவர்கள் சொன்ன பதில்: முக்கியமாக எதிர்பார்த்த வழியில் ஒன்றுகூட இல்லை. கோலார் தடங்களைப் புரோட்டான் சிதைவாக இன்று உலகம் ஏற்பதில்லை. அவர்கள் அவசரப்பட்டார்களா என்று கேட்டால், கொஞ்சம் என்பேன். ஆனால் தடங்களை மறைக்காமல் மேசைமேல் வைத்தார்கள்.

அந்த 'இல்லை'யைத்தான் நீங்கள் வீண் என்கிறீர்கள். ஜார்ஜை – கிளாஷோ கோட்பாட்டின் எளிய வடிவம் அதோடு போயிற்று. அத்தனை அழகான ஒன்றைத் தண்ணீர்த் தொட்டி சாய்த்துவிட்டது. இன்று ஜப்பானில் காமியோகா சுரங்கத்தில் இருக்கும் சூப்பர் காமியோகாண்டே என்ற கருவியில் 50,000 டன் தண்ணீர். நீங்கள் கேட்ட 34 சைபர் அங்கிருந்து வந்த கணக்குதான்: இத்தனை வருடம் பார்த்தும் சாகவில்லை, ஆகவே ஆயுள் குறைந்தது இவ்வளவு. 'குறைந்தது' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விஷயமும் நடந்தது. அதன் முன்னோடியான காமியோகாண்டேவில் புரோட்டான் சிதைவைத் தேடி முனைவர் பட்டம் வாங்கிய தகாகி காஜிதா, பட்டம் முடிந்த கையோடு அந்தத் தொல்லை பிடித்த நியூட்ரினோக்களை எண்ணினார். நியூட்ரினோவில் சில வகைகள் உண்டு; அவற்றில் மியூவான் வகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. விடாமல் துரத்தியதில் 1998-இல் சூப்பர் காமியோகாண்டே குழு, நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன, அவற்றுக்கு நிறை உண்டு என்று காட்டியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு. வளிமண்டலத்தில் பிறக்கும் அந்த நியூட்ரினோக்களை முதன்முதலில் கண்டது எங்கே தெரியுமா? 1965-இல், கோலாரில். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் ஏறக்குறைய அதே நேரத்தில் கண்டது. பம்பாய்க்காரர்களின் 'கண்டது என்ன' பட்டியலில் இது தலையில் இருக்கிறது.

கோலாரில் புரோட்டான் தேடல் 1990-களின் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. 2001-இல் சுரங்கத்தையும் மூடினார்கள். பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது.

தாத்தாவிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். அந்த இரும்புத் தகடுகளைக் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்கியது யார், எத்தனை ஷிஃப்ட் ஆயிற்று, அவர் கை பட்டதா? கட்டுரைகளில் விஞ்ஞானிகளின் பெயர் இருக்கிறது, தகட்டைச் சுமந்தவர்களின் பெயர் இல்லை. அவர் சொல்கிறபடியே, அவர் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். வெளியிடுகிறேன்.